புரட்டாதி கழியட்டும் என்றேன்

என் தம்பி இரத்தினவேல் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்க நினைத்தது ஒரே ஒரு பொருள்தான். அதையும் நான் வாங்க விடவில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஐந்து பேரோடு கிடந்து, கோப்பை கழுவி, எங்கள் எல்லோரையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவன் அவன். கலியாணமும் கட்டவில்லை. இப்போது அஜக்ஸில் எங்களோடு இருக்கிறான்; பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. குளிருக்குப் போடும் ஜக்கெற்றைக்கூட யாரோ போட்டுக் கழித்ததாகப் பார்த்துத்தான் வாங்குவான்.

கூட வேலை செய்த கிளிபோட் என்பவன் அவனைக் குறி பார்த்துச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனான். தம்பிக்கு அது பிடித்துப்போய்விட்டது. வகுப்புக்குப் போய் லைசென்சும் எடுத்தான். கிளப் துவக்கால் சுட்டுச் சுட்டு, சொந்தமாக ஒரு கைத்துவக்கு வேண்டும் என்று நின்றான்.

துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் வீட்டுக்குள் துவக்கா என்று மூன்று மாதம் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபிக்கவில்லை.

"அக்கா, அங்கை அது எங்களைக் குறி பாத்தது. இஞ்சை நான் கடதாசியைத்தான் சுடுறன்," என்றான்.

எழுத்துத் தெரியாத எனக்குப் படம் படமாகக் காட்டினான். இரண்டு துவக்கு. ஒன்று புதுசு, மலிவு; ஆனால் பிடி பிளாஸ்ரிக், கையில் விளையாட்டுச் சாமான் போல இருக்குமாம். மற்றது யாரோ பாவித்தது, முழு இரும்பு. கீறல் விழுந்ததால் அதே விலைக்கு வந்ததாம். இரண்டும் சின்ன ரவைக் குண்டு போடுகிறவை. பெரிசு வேண்டாமோ என்று கேட்டேன்.

"துவக்கை மலிவா வாங்கிப்போட்டு பெரிய ரவைக்கு என்ரை சோத்தை விக்கவோ?" என்று சிரித்தான். பழசைத்தான் தெரிவு செய்தான்.

எனக்கும் மனம் இளகியது. ஆனால் அது புரட்டாதி மாதம். அவனுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் லீவு. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற வீட்டில் யாராவது அன்றைக்கு இரும்பு வாங்குவார்களா? அதிலும் அவனுக்கு ஏழரைச் சனி.

"கைத்துவக்கு விக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டப்போகுது எண்டு கதைக்கினம் அக்கா."

"கதைக்கிறவை நெடுகத்தான் கதைக்கினம். புரட்டாதி கழியட்டும்," என்றேன்.

நாலு சனி பொறுத்தான். மாதம் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கடைக்குப் போனான். முதல் நாள் வெள்ளிக்கிழமைதான் சட்டம் வந்திருந்தது. சாதாரண ஆட்கள் இனிக் கைத்துவக்கு வாங்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை நின்று பார்த்துவிட்டு வந்தானாம்.

"விடுங்கோ அக்கா," என்றான். என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அதன் பிறகு கிளப்புக்கும் போகவில்லை. கிளிபோட் இரண்டு தரம் போனில் கூப்பிட்டான், தம்பி எடுக்கவில்லை.

புரட்டாதிச் சனியில் இரும்பு வாங்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன். அதில் மாற்றமில்லை. ஆனால் புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போடா தம்பி, அந்த நாள் சம்பளத்தை நான் தாறன் என்று சொல்லியிருக்கலாம். என் பென்ஷன் காசு சும்மாதான் கிடந்தது. அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை.