கணினிக்கும் சேவை மூப்பு

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு, எனக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று வேலையை விடுவது. மற்றது செவ்வாயும் வியாழனும் உருத்திரபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்வது. மற்ற நாட்களில் பரந்தனிலிருந்து தங்கச்சி வந்து பார்ப்பாள், அந்த இரண்டு நாளும் அவளால் முடியாது. கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத் தலைவரிடம் போய்க் கேட்டேன். "ஒரு மாசம் செய்து காட்டுங்கோ பிள்ளை. வேலை ஒழுங்கா வந்தால் பாப்பம்" என்றார்.

முதல் செவ்வாயே மடிக்கணினி காலை வாரிவிட்டது. வீட்டு இணையத்தில் என் கைபேசி நன்றாக ஓடியது, கணினியில் ஒன்றும் திறக்கவில்லை. அலுவலகத்தில் கணினி பார்க்கும் தம்பியை அழைத்தேன்.

"அக்கா, அது ஒஃபிஸ் செற்றிங். அங்க உங்கட கணினிக்கெண்டு ஒரு ஐ.பி. இலக்கம் போட்டிருக்கிறன், அது வீட்டிலை வேலை செய்யாது. நீங்கள் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ, பிறகு முழு நெட்வேர்க்கும் விழும். நாளைக்குக் கொண்டாங்கோ."

கணினி என்னுடையது. இருந்தது என் வீட்டுக் குசினி மேசையில். அதில் நான் கை வைக்கக் கூடாதாம்.

புதன்கிழமை கொண்டுபோனேன். இலக்கத்தை எடுத்துவிட்டு, தானாகவே இலக்கம் வாங்குகிற மாதிரி மாற்றித் தந்தார். வியாழன் வீட்டில் நன்றாக ஓடியது. வெள்ளி அலுவலகத்தில் ஓடவில்லை, ஏனென்றால் அங்கே தானாக இலக்கம் கொடுக்க ஒன்றுமில்லை. தம்பி வெளி வேலை முடிந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வந்து பழைய இலக்கத்தைப் போட்டார். அடுத்த செவ்வாய் வீட்டில் திரும்பவும் படுத்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், எனக்கு வீட்டிலும் இடி, அலுவலகத்திலும் இடி. தலைவர் வேறு, "பாத்தியளே, வீட்டிலையிருந்து செய்யிறது சரிவராது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் கிழமை அலுவலகத்துக்குப் போனால், என் இலக்கத்தை வேறொரு கணினி பாவிக்கிறது என்று திரையில் எழுத்து வருகிறது. புதிதாக வந்த பட்டதாரிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நீங்கள் இல்லாத நாளிலை சும்மா கிடக்கிற கதிரைதானே அக்கா" என்றார் தம்பி.

"அப்ப எனக்கு வேறை ஒண்டு தாங்கோ."

"லிஸ்ரிலை கடைசி இலக்கந்தான் மிச்சம் இருக்கு. உங்கட சேவைக்கு அதைத் தரேலாது. மரியாதையில்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் அலுவலகத்தில் கணினி இலக்கங்களும் சேவை மூப்பின்படியே கொடுக்கப்பட்டிருந்தன. முதல் இலக்கம் தலைவருடையது, அவர் கணினியைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே பதவி பதவியாக இறங்கி வந்தது. என்னைக் கடைசியில் இருத்தினால் மரியாதைக் குறைவாம். வேலையில்லாமல் நாள் முழுக்க இருத்தி வைத்தால் குறைவில்லையாம்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வருவது வரட்டும் என்று செற்றிங்கைத் திறந்தேன். தம்பி இலக்கத்தைப் போட்டும் எடுத்தும் கொண்டிருந்த அதே பக்கத்தில், தானாக இலக்கம் வாங்கு என்பதைத் தெரிவுசெய்ததும் அருகிலேயே இன்னொரு பக்கம் வந்தது. தானாக இலக்கம் கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் நான் இங்கே எழுதுவதை எடு. அவ்வளவுதான். வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. இதற்காகவா மூன்று கிழமை அலைக்கழித்தார்கள்! யாருக்கும் வேண்டாத அந்தக் கடைசி இலக்கத்தை எழுதினேன். அம்மா தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. அடுத்த முறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் ஓடியது. எந்த நெட்வேர்க்கும் விழவில்லை.

மாத முடிவில் தலைவர் கூப்பிட்டார். தம்பியும் பக்கத்தில் நின்றார்.

"கடைசிக் கிழமை நல்லா வந்திருக்கு. ஆனா முதல் மூண்டு கிழமையும் வரேல்லையே. கூட்டிப் பாத்தால் சரிவராது பிள்ளை."

"அக்கா கேக்காமல் கடைசி இலக்கத்தைப் போட்டிருக்கிறா சேர்" என்றார் தம்பி.

தலைவருக்கு முகம் மாறிவிட்டது. "ஏன் பிள்ளை, இவ்வளவு சேவை செய்துபோட்டு உங்கட இடத்தை விட்டுட்டியள்?"

என் அம்மா எழும்ப முடியாமல் கிடப்பதைச் சொன்னபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு கவலைப்படவில்லை.

"சேர், அந்த மூண்டு கிழமையும் என்ர பிழையில்லை, இந்த ஒஃபிசின்ர பிழை. அம்மாவைத் தனிய விட்டுட்டு என்னாலை வரேலாது. செவ்வாய்க்கிழமை வேலை வரும். நான் வரமாட்டன்."

செவ்வாய் மத்தியானத்துக்கு முன்பே வீட்டிலிருந்து வேலையை அனுப்பினேன். "கிடைத்தது" என்று தலைவரிடமிருந்து ஒரு சொல்லில் பதில் வந்தது. அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் நான் அனுப்புகிறேன், அவர் கிடைத்தது என்கிறார். அனுமதி மட்டும் இன்னும் தரவில்லை. கேட்க நானும் போகவில்லை.