சமாதான டீ

பி.ஏ. இரண்டாம் ஆண்டு முழுக்க நான் ஒரு பச்சை பேட்ஜைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டே திரிந்தேன். கல்லூரியில் மட்டும் குத்திக்கொள்ள வேண்டியது. நான் கோயிலுக்கும் குத்திக்கொண்டு போனேன், லஸ் கடைத்தெருவில் காய்கறி வாங்கவும் குத்திக்கொண்டு போனேன். "என்னடி, அதைக் குத்திண்டேதான் தூங்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள். கேலிதான், ஆனால் பக்கத்து வீட்டு மாமியிடம் அவளே அந்த பேட்ஜைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ராகிங்குக்கு எதிராகச் சட்டம் வந்திருந்த சமயம். எங்கள் கல்லூரியில் ராகிங், பஸ் சண்டை, பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது எல்லாவற்றையும் மாணவர்களே பேசித் தடுக்கட்டும் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து ஓர் அம்மையார் சில சனிக்கிழமைகள் வந்து பயிற்சி கொடுத்தார். முதலில் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள் என்பார். பாதிக்கப்பட்டவர் கேட்டாலொழிய இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்காதீர்கள் என்றும் சொன்னார். தலையை ஆட்டினோம். அவர் கிளம்பிப் போன பிறகு நாங்களாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். அதற்குச் 'சமாதான டீ' என்று பெயர்.

விஷயம் ரொம்ப எளிது. சண்டை போட்டுக்கொண்டவர்களைக் கேன்டீனில் கடைசி மேசைக்குக் கூட்டி வருவோம். இரண்டு பக்கமும் பேசும். தப்பு செய்தவன் 'சாரி' சொல்வான். கை குலுக்குவார்கள், ஆளுக்கொரு டீ குடிப்பார்கள், முடிந்தது. பையன்களுக்குள் கிரிக்கெட் தகராறு, சட்டைக் காலர் கிழிந்த தகராறு எல்லாம் இதில் அழகாகத் தீர்ந்தன. எங்கள் வருஷத்தில் ஒரு புகார்கூட முதல்வர் அறைக்குப் போகவில்லை என்பதுதான் எங்கள் பெருமை. அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதலாண்டு வகுப்புக்குள் நாங்கள் பேட்ஜோடு நுழைந்தால் மொத்த வகுப்பும் எழுந்து நிற்கும். "உட்காருங்க, நாங்க அந்த மாதிரி சீனியர் இல்ல" என்போம். நிற்பார்கள். இரண்டாவது தடவை சொன்னால்தான் உட்காருவார்கள். அந்த இரண்டாவது தடவையை நான் கொஞ்சம் தாமதமாகவே சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருஷம் ஒரு பெண் எங்களிடம் புகாரோடு வந்தாள், முதலாண்டு வணிகவியல். அடையாற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் பின்னால் என்னைத் தனியாகப் பிடித்தாள். அவளுடைய பஸ்ஸில் வரும் மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் தினமும் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறான், அவள் பெயரைப் பாட்டில் சேர்த்துப் பாடுகிறான், இறங்கினால் கூடவே இறங்குகிறான். இரண்டு நாளாகத் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான்.

"ஊட்டுக்குத் தெரிஞ்சா எங்கண்ணன் காலேஜை நிறுத்திடும்க்கா. சேரும்போதே சொல்லிச்சு, பஸ்ல எதுனா பிரச்னைன்னா அத்தோட முட்ச்சுன்னு. யாருக்கும் தெரியாம எதுனா பண்ணுங்கக்கா."

அவள் கேட்டது அவ்வளவுதான். படிப்பு நிற்கக் கூடாது. நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது பெரிய பட்டியலே போடுவேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது டீ ஒன்றுதான்.

"அவனைக் கூப்பிட்டு சாரி சொல்ல வெச்சுடலாம். நீயும் வரணும். உனக்கு ஓகேதானே?" என்றேன்.

அவள் தன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

அந்தச் 'சரிக்கா'வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கேன்டீனில் அவன் ரொம்ப நல்ல பிள்ளையாக வந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான். "தெரியாம பண்ணிட்டேன் சிஸ்டர், சும்மா ஜாலிக்கு" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான், அவளைப் பார்த்து இல்லை. அவனுடைய நண்பர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அவன் கையை நீட்டினான். அவள் கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அவள் முழங்கையை லேசாகத் தொட்டு, "ம், குடு" என்றேன்.

கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு விசில் வந்தது. நான் திரும்பி முறைத்தேன், அவ்வளவுதான். அந்த வாரக் கூட்டத்தில் எனக்காகக் கைதட்டினார்கள், பெண் சம்பந்தப்பட்ட விஷயத்தை இவ்வளவு பதமாக முடித்தது நான்தான் என்று. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நான் சைக்கிளில் போய் வருகிறவள், அவளுடைய பஸ்ஸில் அதன் பிறகு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அவள் கல்லூரிக்கு வராமல் நின்ற பிறகுதான் அவளுடைய வகுப்புத் தோழி வந்து சொன்னாள். சமாதான டீக்கு அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்களாம். "கை குட்துட்சிடா மச்சி! பெரிய அக்காவே சேத்து வெச்சிட்சிடா!" என்று ஒரே கூச்சல். சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள். முன்னே பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவன் இப்போது உரிமையோடு தோளில் கை போட்டிருக்கிறான். அவள் தட்டிவிட்டபோது, "நேத்து குடுத்தே, இன்னிக்கு இன்னா?" என்று கேட்டானாம். விஷயம் அவள் தெருவரைக்கும் போய்விட்டது. அண்ணன் காதுக்கும் போய்விட்டது.

விலாசம் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பேட்ஜைப் பார்த்தார். கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. "உள்ள கீது. பேசிட்டுப் போங்க. காலேஜ் பேச்சு மட்டும் எடுக்காதீங்க" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளுடைய சொந்த வீட்டில், நான் உட்காரச் சொல்லும்வரை நின்றாள்.

"உனக்கு இஷ்டமில்லேன்னா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, குற்றம் சாட்டினேன். போகும்போதே பழியை எங்கே இறக்கி வைக்கலாம் என்று இடம் தேடிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

"நீங்க சீனியர்க்கா" என்றாள். கோபமே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஜூனியர் சீனியரிடம் மறுத்துப் பேசக் கூடாது, இதுதானே ராகிங்குக்கே அடிப்படை? அதை ஒழிக்கத்தான் பேட்ஜ் கொடுத்தார்கள். நான் அதே பலத்தை வைத்து அவள் கையை மேசைக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க வைத்திருக்கிறேன்.

கோயில் குளத்தங்கரை வந்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் முதலாண்டில் இருந்தபோது ஒருவன் என் சைக்கிள் பின்னாலேயே வடக்கு மாடவீதிவரை வந்தான். ஒரே ஒரு நாள்தான். அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக முதல்வரைப் பார்க்கப் போனார். என்னை யாரும் அவனோடு டீ குடிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் ஆத்தில் ரகளையே நடந்திருக்கும். எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம் என்று நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமலே எனக்கு அது வந்திருக்கிறது என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

சரி, அதற்குப் பிறகாவது முதல்வரிடம் ஓடினேனா? இல்லை. குழுவைக் கூட்டினேன். வெகுநேரம் பேசி, அவனை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். நானும் கை தூக்கினேன்.

நாங்கள் கூப்பிடுவதற்குள் அவளே முதல்வரிடம் போய்விட்டாள். யாருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் கெஞ்சினாளோ, அந்த அண்ணனிடமே ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அவர் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து முதல்வர் அறை வாசலில் நின்றார். அன்றே அவனை இடைநீக்கம் செய்தார்கள். அதன்பின் தினமும் காலையில் அந்த ஆட்டோ கேட்டுக்கு வெளியே அவளை இறக்கிவிட்டுப் போகும்.

செய்தி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன். நிம்மதி இல்லை, சந்தோஷமும் இல்லை. 'எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே, ஒரு புகார் விழுந்துவிட்டதே' என்றுதான் தோன்றியது. ஒரு நாள் முழுக்க அப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆனால் அவள் வீட்டில் இருந்த வாரங்களுக்கு யாரும் வருகைப்பதிவு தரவில்லை. நாள் குறைகிறது என்று தேர்வு எழுத விடவில்லை. துறைத்தலைவரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். விதி என்றார். படிப்பு நிற்கவில்லை, ஆனால் முதலாண்டை அவள் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

ஜூனில் கல்லூரி திறந்தது. புது மாணவர்களுக்கு அறிமுகம் சொல்ல முதலாண்டு வணிகவியல் வகுப்புக்குப் போனோம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளேதான். நான் அவசரமாக, "உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க" என்றேன். சமாதான டீயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வேறு என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவுக்கு வந்தாள்.

"எனக்கும் ஒரு பேட்ஜ் குடுங்கக்கா."

முதலாண்டுக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை என்று, பேட்ஜ் டப்பாவோடு பக்கத்தில் நின்ற குழுத் தோழி ஆரம்பித்தாள். "நான் இப்போ செகண்ட் இயர்ல இருக்க வேண்டிய ஆளுக்கா" என்றாள் அவள்.

"நீ எதுக்கு இதுல சேரணும்னு நினைக்கிறே?" என்று கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லுவாள் என ஓர் ஆசை.

"என்ன மாதிரி ஒருத்திய நீங்க கேன்டீனுக்குக் கூட்டிக்கினு போவீங்க இல்ல, அப்போ கூட நின்னுக்கினு வேணாம்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்க்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய காரியம் செய்கிற நினைப்பில் என் துப்பட்டாவிலிருந்த பேட்ஜைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். கூடவே அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து நானே குத்திவிடவும் போனேன்.

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இது வேணாங்க்கா. டப்பால புதுசு கீது பாருங்க, அதுலேர்ந்து ஒண்ணு குடுங்க."

என்னிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவளே குத்திக்கொண்டாள்.