லெமுவேல் பெட்வேயின் வலது கை

லெமுவேல் பெட்வே கிட்டார் வாசித்து யாரும் கண்ணீர் விட்டதில்லை. டேட்டன் நகரத்தின் மேற்குப் பகுதி முழுக்க அவன் இசைக்கு ஆடியிருக்கிறது, ஆனால் ஆடியவர்கள் முன்னால் நின்ற பாடகனைப் பார்த்துத்தான் ஆடினார்கள். லெமுவேல் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கம்பிகளில் ஒரே பிடியை எட்டு நிமிடம் சக் சக்கென்று வெட்டிக்கொண்டிருப்பான். அவன் நிறுத்தினால்தான் அதுவரை வாசித்துக்கொண்டிருந்ததே மற்றவர்களுக்குத் தெரியவரும்.

ஐந்து வயதில் அலபாமாவிலிருந்து அப்பாவோடு வந்தவன். அப்பா வேலை பார்த்த கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலேயே அவனும் சேர்ந்தான். வாரத்தில் ஆறு நாள் இயந்திரம், ஏழாம் நாள் புதிய கில்கால் பாப்டிஸ்ட் சபையில் ஆர்கனுக்கு இடப்பக்கம் ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகர் குழுவை நடத்தும் வெர்டெலின் கை நேராகத் தெரியும். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழம ராத்திரி மதுக்கடையில பிசாசுக்கு வாசிச்ச கையோட ஞாயித்துக்கிழம என் குழுவுக்குப் பக்கத்துல வந்து உக்காரக் கூடாது, மிஸ்டர் பெட்வே. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

வெர்டெல் கடைசிவரை அவனை மிஸ்டர் பெட்வே என்றுதான் கூப்பிட்டாள். கோபம் வந்தால் அந்த மிஸ்டர் கொஞ்சம் நீளும்.

1970இல் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹோசியா பிளவுண்ட் ஃபங்க் என்ற ஆட்ட இசைக்கு ஒரு குழு ஆரம்பித்தான். சாக்ஸபோன் வாசிப்பான், அதைவிட நன்றாக ஆளை விரட்டுவான். தன் வீட்டு நிலவறையில் வைத்து லெமுவேலை வாசிக்கச் சொல்லிவிட்டு, அரை நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"டேய், எதுக்குடா இவ்வளவு வாசிக்கிற? யாராவது தொரத்துறாங்களா? ஒண்ணுல அடி. மிச்ச மூணையும் நாங்க பாத்துக்குறோம்."

சொல்வது சுலபம். சபையில் வளர்ந்தவனுக்குத் தாளம் என்றால் இரண்டும் நாலும். நாலு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நாலாவதிலும் கை தட்ட வேண்டும். ஒன்றாவதில் தட்டுகிறவனைப் பார்த்தால் முதல் தடவை வந்த விருந்தாளி என்று பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக நகர்ந்துகொள்வார்கள். ஹோசியாவின் பாட்டிலோ மொத்த எடையும் ஒன்றின்மேல். லெமுவேலின் கை அதற்குப் பழக மூன்று மாதம் ஆனது. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு மதுக்கடையின் மேடையில் ஏறினான். கை ஒன்றில் சரியாக விழுந்த நாளில், இத்தனை வருடம் தான் எங்கோ வாடகைக்கு இருந்துவிட்டு இப்போதுதான் சொந்த வீட்டுக்கு வந்ததாக அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் ஞாயிறு. சபை பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் லெமுவேலின் கை தன்னை அறியாமல் ஒன்றில் போய் விழுந்தது, விழுந்ததோடு நில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. டிரம்ஸ்காரன் குழம்பி அவன் பின்னால் போனான். இருநூறு பேரின் கைதட்டல் தடுமாறிச் சிதறியது. முன்வரிசைத் தாய்மார்களின் தொப்பிகளெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. குழுவைப் பார்த்து நின்ற வெர்டெல் பாட்டின் நடுவிலேயே திரும்பி அவனைப் பார்த்தாள்.

காரில் ஏறியதும் கேட்டாள்.

"எத்தன மாசமா?"

"என்னது?"

"ஓவர்டைம் பாத்தா கை ஒண்ணுல விழுமா, மிஸ்டர் பெட்வே? என்னயப் பாத்தா கிறுக்கி மாதிரி இருக்கா?"

"மூணு மாசம்."

"அந்த நாற்காலிய விடுங்க, இல்ல அந்தக் கூட்டத்த விடுங்க. என் கண்ணு முன்னால ரெண்டும் வேணாம்."

லெமுவேல் நாற்காலியை விட்டான். வெர்டெல் அவனை விடவில்லை. சட்டைகளை இஸ்திரி போட்டு, வறுத்த கோழியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ஹோசியா குழுவின் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பத்து வருடம் ஊர் ஊராகச் சுற்றினான். அவர்களுடைய இரண்டு பாட்டுகள் வானொலியில் ஓடின. இசைத்தட்டின் அட்டைப் படத்தில் அவனுடைய பாதி முகத்தை ஹோசியாவின் தொப்பி மறைத்தது. ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் சபையின் கடைசி வரிசையில் உட்காருவான், கைதட்ட மாட்டான். கையை நம்ப முடியாமல் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். ஆர்கனுக்குப் பக்கத்தில் வேறொருவன் வாசிப்பதைப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. மேடைக்கு முன்னால் ஆயிரம் பேர் ஆடியபோதும் அந்த எரிச்சல் தணியவில்லை.

1981இல் டிரம்ஸ்காரனுக்குப் பதிலாக இயந்திரங்களே பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தன. ஹோசியா குழுவைக் கலைத்துவிட்டு சோபா விற்கப் போனான். லெமுவேல் வீட்டுக்கு வந்து பள்ளிப் பேருந்து ஓட்டினான். அலமாரியில் இருந்த தன்னுடைய இசைத்தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒரே கரகரப்பு. மச்சினன் பிள்ளைகள் பாழாக்கிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் திட்டினான்.

பிறகு ஒரு வியாழன் மாலை சமையலறையில் மெதுவாகக் கேட்டான்.

"வெர்டெல், நான் மறுபடி அந்த நாற்காலியில உக்காரலாமா?"

"கை திரும்பிடுச்சா? வாசிங்க, பாப்போம்."

அவள் பட்டாணி உரித்தபடியே இரண்டிலும் நாலிலும் காலால் தரையைத் தட்டினாள். அவன் ஒரு பாட்டு முழுக்க வாசித்தான். கடைசியில் கை ஒன்றுக்கு நழுவியது.

"இன்னும் இல்ல" என்றாள்.

அடுத்த வியாழனும் வாசித்தான். "இன்னும் இல்ல." அதற்கடுத்த வியாழனும் அதே பதில்தான். அப்படியே முப்பது வருடம் போனது. இடையில் சபையில் வந்து சேர்ந்த புது டிரம்ஸ்காரர்கள் எல்லாம் ஒன்றிலேயே அடித்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுவும் லெமுவேலுக்குக் கடுப்பாக இருந்தது. ஆனாலும் அவள் வாயால் சொல்லாமல் நாற்காலிப் பக்கம் போக மாட்டேன் என்று வீம்பாக இருந்தான்.

வெர்டெலின் இதயம் பலவீனப்பட்டது. இனிமேல் நின்று கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கடைசியாக ஒரே ஒரு ஞாயிறு குழுவை நடத்தச் சபை ஏற்பாடு செய்தது.

"கிட்டார எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"கை இன்னும் திரும்பலியே."

"அதக் கேட்டேனா நான்?"

மூன்று நாள் கார் ஷெட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு, நாலு, இரண்டு, நாலு என்று பழகினான். ஞாயிறன்று நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு சரணம் சரியாகப் போனது, இரண்டாவதும் போனது. கழுத்தெல்லாம் வியர்வை. கடைசிப் பல்லவியில் வெர்டெல் கையை உயர்த்தினாள். ஓங்கி ஒன்றில் இறக்கினாள்.

டிரம்ஸ் அவளோடு போனது. குழு போனது, சபை போனது. லெமுவேல் மட்டும் இரண்டிலும் நாலிலும் தனியாக மாட்டிக்கொண்டு விழித்தான். அவள் அன்றைக்குப் போலவே திரும்பிப் பார்த்தாள். இந்த முறை சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டான்.

"ஒண்ணுல அடிக்க எப்பக் கத்துக்கிட்ட?"

"நீங்க பஸ்ஸுல சுத்திக்கிட்டு இருந்தப்போ. ராத்திரி ராத்திரி அந்த ரெக்கார்டத் தேயத் தேயப் போடுவேன். உங்க கை மட்டும்தான வீட்டுல இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு முப்பது வருஷமா இன்னும் இல்ல, இன்னும் இல்லன்னு சொன்ன?"

"சரின்னு சொல்லியிருந்தா, வாராவாரம் என் சமையலறையில வந்து உக்காந்து வாசிச்சிருப்பீங்களா?"

பச்சை விளக்கு விழுந்தும் கார் நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.