சூப்பிரண்டு சாரின் நகத்தில் பசை

சூப்பிரண்டு சாரின் வலதுகை ஆள்காட்டி விரலில், நகத்துக்கு அடியில், வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. போனக்காட்டிலிருந்து மலையிறங்கும் அரசு பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் நான். அட்டைப்பூச்சி கடித்த காலில் இன்னும் ரத்தம் கசிந்து காலுறையை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் தோள்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். பழைய காகிதத்தைத் தொடுமுன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மனிதர் அவர். நகத்தை ஒட்ட வெட்டி, அதற்கு மேல் அரமும் போடுவார். அந்த நகத்தில் அழுக்கென்று ஒன்றைப் பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நாங்கள் போன வீட்டில் பால் விடாத கட்டன்சாயா மட்டும்தான் குடித்தோம், சோற்றில் கை வைக்கவில்லை. அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? பையைத் திறந்து காட்டுங்கள் சார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் அவர் என் பிரிவுக்குச் சூப்பிரண்டு. அவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்கள். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். ஆபீஸில் எல்லோரும் மலையாளத்தில் பேச, நாங்கள் இருவர் மட்டும் மத்தியானச் சாப்பாட்டில் தமிழ் பேசுவோம். அதில்தான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம் என்று. பழைய வாரப்பத்திரிகைகளில் வந்த ஓவியங்கள், தீபாவளி மலர்களின் வண்ணப் பக்கங்கள், கல்லச்சில் அடித்த சாமி படங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் ஆக்ரிக்கடைக்குப் போய்விடுவோம். பழைய இரும்பும் பழைய பேப்பரும் எடைக்கு வாங்குகிற கடை. கட்டுக் கட்டாகக் கிடக்கும் காகிதத்துக்கு நடுவில் இரண்டு அரசாங்க உத்தியோகஸ்தர்கள் குந்தி உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. பால்காரனிடம் பாலைச் சந்தேகப்பட்டு, டாக்டரிடம் மருந்தைச் சந்தேகப்பட்டு வளர்ந்தவன். இந்தச் சேகரிப்பு வேலையில் அந்தக் குணம் எனக்கு நன்றாகவே பயன்பட்டது. கலர் ஜெராக்ஸை டீத்தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயவைத்து, நூறு வருஷத்துப் படம் சாரே என்று நீட்டுகிறவர்கள் உண்டு. நான் மோந்து பார்ப்பேன், லென்ஸ் வைத்துப் புள்ளிகளைப் பார்ப்பேன், பிறகும் நம்பமாட்டேன். சூப்பிரண்டு சாரையும் முழுசாக நம்பினேன் என்று சொல்லமுடியாது. காகிதக் கட்டை அவர் முதலில் பிரித்தால் என் கண் அவர் விரல் போகிற இடமெல்லாம் போகும். அவருக்கும் அது தெரியும். "என்னவே, சிஐடி மாதிரிப் பாக்கேரு?" என்று சிரிப்பார்.

எங்கள் இரண்டு பேர் பையையும் பார்த்தாலே ஆள் எப்படி என்று சொல்லிவிடலாம். அவர் பையில் டிஷ்யூத் தாளும் சின்ன பிரஷும் இருக்கும். படத்தை அட்டையில் ஏற்றும்போது மேல் ஓரத்தில் மட்டும்தான் பசை வைக்கவேண்டும், மீதியைச் சும்மா தொங்கவிடவேண்டும் என்பது அவருடைய சட்டம். "காயிதத்துக்கும் மூச்சு விட இடம் வேணும், கேட்டோ" என்பார். என் சட்டைப்பையில் எப்போதும் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கும். ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் காகிதம்போல மெலிதாக்கி வைத்திருந்தேன். ஒட்டியிருக்கும் எந்தப் படத்தின் அடியிலும் அதை நுழைத்தால் கிழியாமல் கழன்று வரும். அதில் எனக்குப் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

கரமனையில் ஒரு வீட்டில் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். அந்த வீட்டுப் பெரியவர், அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த கல்லச்சுச் சரஸ்வதியைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார், தரமுடியாது என்றும் சொன்னார். காப்பி கொண்டுவர அவர் உள்ளே போன நேரத்தில் ஸ்கேலை நுழைத்தேன். சரஸ்வதி என் ஃபைலுக்குள் வந்துவிட்டாள். அலமாரியைச் சாத்திவிட்டு ஒன்றும் தெரியாதவன்போலக் காப்பி குடித்தேன். எப்படியும் கரையான் தின்னப்போகிறது, நான் காப்பாற்றுகிறேன் என்பது அன்றைக்கு என் நியாயம். சூப்பிரண்டு சார் தன் காப்பியைத் தொடவில்லை. தெருமுனை வந்ததும், "அவரு பாத்துக்கிட்டு இருந்தா எடுத்திருப்பேரா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். மறு வாரம் அவர் மட்டும் தனியாக அந்த வீட்டுக்குப் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். எதற்குப் போனார்? வேறு படம் பார்த்து வைத்திருந்தாரோ? என் புத்தி அப்படித்தான் போனது.

இனி நான் தேடிய படத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தமிழ் வீடுகளில் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் ஊசிநூலால் தைத்துப் புத்தகமாக்குவார்கள். என் அம்மாவும் ஒன்று தைத்து வைத்திருந்தாள். முப்பத்தொன்பது வாரம் வந்த தொடர். அம்மாவின் புத்தகத்தில் பதினான்காம் வாரம் இல்லை. இரவல் வாங்கிப்போன யாரோ கிழித்துவிட்டார்கள் என்று அம்மா கடைசிவரை அண்டைவீடுகளைத் திட்டினாள். அந்த வாரத்துப் படம் முழுப்பக்கம் என்றும், கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பாள், பின்னல் முன்பக்கம் கிடக்கும் என்றும் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மா போனபிறகு அந்த ஒரு பக்கம் எனக்கு வெறியாகிவிட்டது. கிடைத்துவிட்டால் அம்மா தைத்த இடத்திலேயே வைத்துத் தைக்கவேண்டும். இதைச் சூப்பிரண்டு சாரிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளில், குளிருக்கு அடக்கமாகச் சுவர் முழுக்கப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருப்பதாக ஒரு பஸ் டிரைவர் சொன்னார். ஒரு விடுமுறை நாளில் தம்பானூரில் பஸ் ஏறினோம். கடைசி வரிசை லயத்தில் ஓர் அம்மாள், ஐம்பது வயசிருக்கும், எங்களை உள்ளே விட்டார். முகத்தில் நம்பிக்கையே இல்லை. "பேப்பரப் பாக்கவா சாரே மல ஏறி வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். கரண்டு இல்லை. இருட்டுக்குக் கண் பழகும்போதே, கட்டிலுக்கு மேலே, ஒரு ஜன்னல் கம்பியும் முன்னால் கிடந்த ஒரு பின்னலும் எனக்குத் தெரிந்தன. பக்கத்தில் போக ஓர் அடி வைத்தேன், காலில் ஈரம். குனிந்தால் கணுக்காலில் இரண்டு அட்டைப்பூச்சி, ரத்தம் குடித்து உப்பிக்கொண்டு. நான் போட்ட கூச்சலில் அந்த அம்மாள் பக்கத்து வீட்டில் உப்பு இருக்கிறது, போய் வாங்கிப் போடுங்கள் என்றார். நொண்டிக்கொண்டே போனேன். உப்புப் போட்டு, புகையிலை வைத்து, அந்த வீட்டுக்காரர் தோட்டத்தின் கதையெல்லாம் சொல்லி என்னை விடுவதற்குக் கால்மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது சூப்பிரண்டு சார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "பஸ் போயிரும்வே, வாரும்." அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே நீர்வீழ்ச்சி போட்ட ஒரு காலண்டர் தாள் இருந்தது. "சார், அந்த ஜன்னல் படம்?" "எந்தப் படம்? இங்க எல்லாம் ஈரத்துல ஊறிப் போச்சு, ஒண்ணுக்கும் கொள்ளூல்லா." இருட்டில் கண் ஏமாற்றிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதன்பிறகுதான் அந்த நகத்தைப் பார்த்தேன். சுவரில் மைதாப் பசையால் ஒட்டிய தாளை நனைத்து உரித்தால் நகத்துக்கடியில் அப்படித்தான் அப்பிக்கொள்ளும். உரித்து உரித்து எனக்குத் தெரியாதா? நான் வெளியே போன நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிட்டார். பிய்த்த இடம் தெரியாமலிருக்கக் காலண்டரை ஒட்டிவிட்டார். என் அம்மாவின் படம் அவர் மடியில் இருக்கிறது. மலையடிவாரத்து விதுரா வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீஸில், மற்றவர்கள் காதில் விழும்படியே கேட்டேன், அந்தப் படம் நன்றாக உலர்ந்துவிட்டதா சார் என்று. அவர் முகம் கறுத்தது. "அத விட்டுரும்வே. வேற கிடைக்கும்" என்றார், அவ்வளவுதான். எனக்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகப் போயிற்று. அன்றோடு மத்தியானத் தமிழ் நின்றது. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஓய்வுபெற்ற நாளன்று என் மேஜைக்கு வந்து நின்றார். நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் எந்த ஜன்னல் படம் வந்தாலும் பெரிதாக்கிப் பார்ப்பேன், என்னுடையதை அவர் விற்றிருக்கிறாரோ என்று. பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் அவர் இறந்துபோனார். சில மாதம் கழித்து, நகருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற ஊரில் மகனோடு இருக்கும் அவர் மனைவி கூப்பிட்டார். "காயிதமெல்லாம் உங்களுக்கே குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காவ. உங்களுக்குத்தான் அதோட வெல தெரியும்னாவ." அந்த ஃப்ளாட்டின் தரையில் உட்கார்ந்து நாலு பெட்டியையும் தாள் தாளாகப் புரட்டினேன். அத்தனையும் மேல் ஓரத்தில் மட்டும் பசை வைத்து, மூச்சுவிட இடம் கொடுத்து ஒட்டியவை. பதினான்காம் வாரம் இல்லை. அவர் மனைவி தந்த காப்பியைக் குடித்துக்கொண்டே, இந்த அம்மாளே ஒளித்து வைத்திருப்பாரோ என்று பீரோவைப் பார்த்தேன். எனக்கே சீ என்று இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பிய்த்த சுவரையாவது பார்த்தால் என் பக்கம் நியாயம் என்று உறுதியாகிவிடும் என்று, மறு வாரமே போனக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

லயத்தில் பாதி வீடு காலியாகக் கிடந்தது. அந்த அம்மாள் இருந்தார், எழுபதை நெருங்கியிருப்பார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "அட்ட கடிச்ச சாருதானே?" என்றார். "கூட வந்தவரு வரலியா?" இறந்துவிட்டார் என்றதும், அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு மேலே அதே காலண்டர் தாள், நீர்வீழ்ச்சி வெளுத்துப்போய், ஒரு மூலை கழன்று தொங்கியது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், தாளின் கீழ் ஓரத்தைப் பிடித்துத் திரைபோல மேலே தூக்கினார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். பின்னல் முன்னால் கிடந்தது. காலுக்குக் கீழே பென்சிலால் மலையாள எழுத்தில் ஒரு பெயர். "எம் மோளு எழுதுனது சாரே. கணக்கப்பிள்ள வீட்டுப் பழைய புக்குல இருந்து கீறி எடுத்து, இது நாந்தாம்மா, நல்லாப் பாருன்னு அவதான் ஒட்டுனா. பன்னெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. ஒரு போட்டோ எடுக்கல. இதுதான் இருக்கு." நான் உப்புக்குப் போன நேரத்தில் இதையேதான் சூப்பிரண்டு சாரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் உடனே கதவில் மாட்டியிருந்த பழைய காலண்டரைக் கிழித்து, சட்டியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை வாங்கி நசுக்கி, படத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார். "மேல மட்டும்தான் பசை வெச்சாரு. வேணுங்கிறப்ப தூக்கிப் பாத்துக்கோம்மா, ஆளு வந்தா விட்டுடுன்னாரு."

"எந்த ஆளு?" என்று கேட்டேன். கேட்காமலிருந்திருக்கலாம்.

அந்த அம்மாள் காலண்டர் தாளைக் கீழே விட்டார். "எங்கூட வந்த சாரு நல்ல ஆளுதான், எடம் கிடைச்சா மட்டும் கை நிக்காதுன்னாரு. அவங்க அம்மாவுக்காகத் தேடுற படமாம், கண்டா விடமாட்டாராம்."

அப்போதுதான் கவனித்தேன், என் கை சட்டைப்பையில் இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்திருந்தேன். சுவரைப் பார்க்க மட்டும் போகிறவனுக்கு ஸ்கேல் எதற்கு? கரமனைக்கு அவர் தனியாகப் போனது என் திருட்டுக்காக அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. என்னைப் பற்றி ஆபீஸில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் கட்டிய திருட்டுப் பட்டத்தைப் பதினெட்டு வருஷம் சுமந்திருக்கிறார். சொல்லியிருந்தால் நான் மறுபடி மலை ஏறியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த அம்மாளின் முன்னால் எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

அவர் சட்டியிலிருந்து கொஞ்சம் சோறு எடுத்து வந்து என் கையில் வைத்தார். "அந்த மூல கழண்டு கெடக்கு சாரே. எனக்கு எட்டல." பருக்கைகளை விரலால் நசுக்கி, மேல் ஓரத்தில் மட்டும் தேய்த்து, காலண்டரை அழுத்தி ஒட்டினேன். காய்கிறவரை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

இறங்கும் பஸ்ஸில் பார்த்தேன், என் ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மாவின் புத்தகத்தில் பதினான்காம் வாரம் இனி வரப்போவதில்லை. பையை மடியில் வைத்திருந்தேன். உள்ளே தண்ணீர் பாட்டிலும் துண்டும் தவிர ஒன்றுமில்லை. நான் எடுக்கல சார், வேணும்னா தெறந்து பாருங்க என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.