முனியப்பன் திருப்பி அனுப்பிய சேவலும் மாதையன் மாமாவும்

நல்லம்பள்ளி ரோட்டில் இருக்கும் என் பஞ்சர் கடையில், ஒரு டிராக்டர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த காலை நேரம். போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன். காவேரி அக்கா.

"பெருமாளு, கோழியெல்லாம் கத்துதுடா. உங்க மாமா இன்னும் எந்திரிச்சித் தெறந்து வுடல."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது. கோழி கத்தியும் எழுந்திருக்காமல் படுத்திருக்கிற ஆள் இல்லை எங்கள் மாமா. தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அன்று மதியம், வாசலில் போட்ட பந்தலில், உறவில் மூத்தவர் ஒருவர் பேசினார். எனக்கும் அக்காவுக்கும் பெரியப்பா முறை. பெயர் வேண்டாம், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். "முனியப்பனுக்கு நேந்துகிட்ட சேவல வெட்டாம வூட்டுக்குத் திருப்பி ஓட்டியாந்தா என்னாவும்? சாமி சும்மா வுடுமா?" என்றார். அழுதுகொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. அழுகை சட்டென்று நின்றுபோனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். "காரியம் முடியறதுக்குள்ள அந்தக் கோழிங்க அத்தனையும் புடிச்சி எங்கியாவது குடுத்துடு. என் கண்ணுல படக்கூடாது. நான் வேண்டுன வேண்டுதல்தான்டா அவரக் கொண்டுபோயிடுச்சி."

மாமாவைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பந்தல் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

மாதையன் மாமா லாரி டிரைவர். எந்த வாசற்படியிலும் குனிந்துதான் நுழைவார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கும். குரலோ, ஹாரன் வேலை செய்யாத நாளில் லாரிக்கு அதுவே போதும். அப்படிப்பட்டவர் ஒருமுறை கர்நாடகாவில் லோடு இறக்கிவிட்டு வந்தபோது, கேபினில் கிளீனர் உட்காரும் இடத்தில் ஒரு கூடை இருந்தது. கிளீனரைப் பின்னால் தார்ப்பாய் மேல் ஏற்றிவிட்டிருந்தார். கூடையைத் திறந்து வாசலில் விட்டார். ஒரு சேவல், இரண்டு பெட்டை. தெருவே கூடிவிட்டது.

இறகு என்று எதுவும் இல்லை. உடம்பு முழுக்கப் பஞ்சு. தலையில் ஒரு பந்து, அது கண்ணை மறைத்துத் தொங்குகிறது. மூஞ்சி கறுநீலம். சில்க்கி கோழி என்றார் மாமா.

"என்னாங்க மாமா, தலகாணியப் பிச்சி ரெண்டு காலு ஒட்டிக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பேசு மாப்ள, பேசு. நீ பொறந்தப்ப இதவுட மோசமா இருந்தியாம். உங்கக்காதான் சொன்னா."

எங்கள் பக்கத்தில் அந்த அளவு மீசை உள்ளவர்கள் கட்டுச் சேவல்தான் வளர்ப்பார்கள், சண்டைக்கு விடுவதற்கு. மாமாவோ டீக்கடைக்குக்கூட அந்தப் பஞ்சுச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு வருவார். கடையில் இருப்பவர்கள் விடுவார்களா? நான்தான் முதலில் ஆரம்பித்து வைப்பேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "கட்டுச் சேவலுக்குக் கோவத்த வளக்கணும் மாப்ள. எனக்கு ரோட்ல வர்ற கோவமே வண்டி நெறைய இருக்குது. இதத் தூக்கி வெச்சிகிட்டா எல்லாம் எறங்கிடுது." அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

குஞ்சு பொரித்தால் மாமா முதலில் பார்ப்பது காலைத்தான். மற்றக் கோழிக்கு நாலு விரல், சில்க்கிக்கு ஐந்து. பஞ்சை ஊதி விலக்கி, உள்ளே தோல் கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். நாலு விரலோடு வந்ததைத் தெருப் பிள்ளைகளுக்கு வளர்க்கக் கொடுத்துவிடுவார். ஐந்து விரல் சுத்தமாக இருப்பதைத்தான் ஜோடி சேர்ப்பார். தலைப்பந்து வளர்ந்து கண்ணை மூடிவிட்டால், மீசைக்கு வைத்திருந்த கத்தரியாலேயே நுனியைக் கத்தரித்துவிடுவார். மீசை ஒழுங்காக இல்லாத நாளிலும் கோழி ஒழுங்காக இருக்கும்.

ஆனால் அவரையும் ஏமாற்றிய விஷயம் ஒன்று உண்டு. சில்க்கிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது என்று மாதக்கணக்கில் தெரியாது. வெள்ளை வெளேர் என்று ஒரு குஞ்சு. நடை அவ்வளவு நளினம். மாமா அதற்கு ராணி என்று பெயர் வைத்தார். அதை எதனோடு ஜோடி போடலாம் என்று திட்டமெல்லாம் போட்டுவிட்டார். ஒருநாள் விடிகாலையில் ராணி கூரைக்குக் கீழே நின்று "கொக்கரக்கோ" என்றது.

"மாமா, ராணிக்கு மீச மொளச்சிடுச்சிங்க!"

"சத்தம் போடாதடா, அதுக்கே இன்னிக்கித்தான் தெரிஞ்சிருக்குது" என்றார். பெயரை மாற்றவே இல்லை. கடைசி வரைக்கும் அந்தச் சேவல் ராணிதான்.

அக்காவுக்கு ஆரம்பத்தில் இந்தக் கோழிகள் ஒத்துவரவில்லை. சில்க்கிப் பெட்டைக்கு எந்நேரமும் அடை ஆசை. முட்டை இருந்தாலும் உட்காரும், இல்லாவிட்டாலும் உட்காரும். அப்படி வெறுமனே உட்காரும் கோழியைச் சூடு தணியத் தண்ணீரில் முக்கி எடுப்பது எங்கள் வழக்கம். அக்காவும் ஒன்றைப் பிடித்து அண்டாவில் முக்கிவிட்டாள். நாட்டுக்கோழி என்றால் உதறிவிட்டு ஓடியிருக்கும். இது நனைந்த திரி மாதிரி சுருங்கி, நிற்கக்கூட முடியாமல் நடுங்கியது. மாமா சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி, அடுப்போரத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவைத் திட்டவில்லை. "காவேரி, இது றெக்க இல்ல, பஞ்சு. தண்ணி மேல வழியாது, உள்ள குடிச்சிடும்" என்றார்.

அதன்பிறகு வெறுமனே உட்காருகிற கோழிக்கெல்லாம் வாத்து முட்டை, கின்னிக்கோழி முட்டை என்று எதையாவது வைத்துவிடுவார். எல்லாவற்றையும் தன் பிள்ளை என்றே பொரித்துக் கூட்டிக்கொண்டு திரியும். வாத்துக் குஞ்சுகள் குட்டையில் இறங்கிவிட்டால், கரையில் நின்று தாய்க்கோழி போடுகிற கூச்சல் இருக்கிறதே! மாமா அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா கத்தற? அதுங்களுக்கு நீச்சலு தெரியும். உனக்குத்தான் தெரியாது" என்று சமாதானம் சொல்வார். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்தக் கோழிகள் மேல் மனது இறங்கியது.

பிறகு வந்தது ஒரு கெட்ட கோடை. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து தெருவில் பாதிக் கூண்டுகள் காலி. மாமாவின் சேவல்களில் ராணி ஒன்றுதான் பிழைத்தது, கூடச் சில பெட்டைகள். அது போனால் அவர் சேர்த்து வைத்த வம்சமே போச்சு. அந்தத் துக்கம் ஆறும் முன்பே மாமாவுக்கு நெஞ்சுவலி. தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே அவர், வெளியே தாழ்வாரத்தில் அக்கா. கையைக் கூப்பிக்கொண்டு அக்கா சத்தமாகவே வேண்டினாள்: "முனியப்பா, அவர எழுப்பி வுட்டுடு. எங்க வூட்ல நிக்கிற வெள்ளச் சேவல உனக்கே குடுத்துடறேன்."

மாமா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. வீட்டில் நிற்கிற வெள்ளைச் சேவல் ராணி மட்டும்தான்.

அக்கா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். "சந்தையில வேற வெள்ளச் சேவல் வாங்கிக்கலாங்க மாமா. சாமி என்ன, வெரல எண்ணியா பாக்கப்போவுது?" என்றேன். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னேன்.

மாமா அதுவரைக்கும் என்னைக் கோபமாகப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார். "என் உசுருக்காக உங்கக்கா பேசுன பேச்சு மாப்ள அது. அதுல கலப்படம் பண்ணக் கூடாது."

முனியப்பன் கோயில் பண்டிகை அன்று ராணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கோயிலில் வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்ட மாட்டார்கள். பூசாரி தெளித்தார். ராணி சும்மா நின்றது. இன்னும் கொஞ்சம் தெளித்தார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை.

"என்னாங்க இது, தண்ணியும் கீழ வரல, உத்தரவும் வரல?" என்றார் பூசாரி. கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மாமா கண்ணை மூடியிருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களின் சேவல்களெல்லாம் உதறின, வெட்டுப்பட்டன. பூசாரி மறுபடி எங்களிடம் வந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினார். ராணி பாதியாகச் சுருங்கி, மெதுவாகக் காலை மடக்கி, அடைக்கோழி மாதிரி சாமிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "சாமி வேணாங்குது. எடுத்துகிட்டுப் போங்க. உத்தரவு இல்லாம நான் கை வெக்க மாட்டேன்" என்றார், கூட்டத்துக்கே கேட்கும்படி. அக்கா தரையில் விழுந்து கும்பிட்டாள். மாமா தோளில் கிடந்த புதுத் துண்டால் ராணியைச் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மீசை துடித்ததை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன். "மாமா, மறைக்காம சொல்லுங்க. அது ஒதறாதுன்னு உங்களுக்கு மொதல்லியே தெரியுங்களா?"

"ஒதறிடும்னுதான்டா நெனச்சேன்" என்றார். "நெனச்சிகிட்டுத்தான் தூக்கியாந்தேன்."

என் மாமாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுத இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் அந்த வரியைத்தான் எழுதுவேன்.

அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். நீண்ட ஓட்டத்தை விட்டுவிட்டார். மகள் கலாவின் கல்யாணத்தை நடத்தினார், பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தார். ஒவ்வொரு வருடமும் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, தேங்காய் உடைக்காமல் இருந்ததில்லை. ராணியின் பிள்ளைகள் அரூர் வரைக்கும் போயின, வத்தல்மலை மேலேயும் ஏறின. கோழி கொடுத்த வீட்டுக்கு மாமா பெண் கொடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி போவார். காப்பி கொண்டுவந்து நீட்டுவார்கள். முதலில் கூண்டுக்குள் தலையை விட்டு, தரை ஈரமாக இருக்கிறதா, தண்ணீர் மாற்றினார்களா என்று பார்த்த பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்குவார்.

ஒருமுறை பெரிய கார் ஒன்று வந்து நின்றது. கறுப்புக் கறி உடம்புக்கு மருந்தாமே, என்ன விலை என்றாலும் பரவாயில்லை என்றார் வந்தவர். மாமா அவருக்கு மோர் கொடுத்தார். "வளக்கறதுக்குன்னா சும்மாவே குடுக்கறேங்க. கொழம்புக்குன்னா ரோட்டு மேல கடை இருக்குது, அங்க போங்க." கார் போனதும், "என்னாங்க மாமா, வந்த சீதேவிய வெரட்டிட்டீங்களே" என்று சீண்டினேன். "சாமியே வேணாம்னு வுட்டத அவன் கேக்கறான் பாரு மாப்ள" என்று சிரித்தார்.

ராணி வயதாகித்தான் செத்தது. மாமாவும் அப்படித்தான்.

காரியத்துக்கு முந்தின நாள், அக்கா சொன்னபடியே கூடைகளோடு போனேன். பெரியப்பாவும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டேன். சில்க்கியைப் பிடிப்பது ஒரு வேலையா? பறக்கவும் தெரியாது, சந்தேகப்படவும் தெரியாது. ஒரு சாம்பல் நிறப் பெட்டை மட்டும் மூலையில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றது. கையை நீட்டினால் கொத்தியது. அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். மாமா போனதிலிருந்து அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

"இது எப்பருந்துடா உக்காந்திருக்குது?"

"யாரு பாத்தா? அடியில ஒண்ணுமே இல்லக்கா. சும்மாவே உக்காந்திருக்குது."

அக்கா கூண்டைச் சுற்றி வந்து, மற்றக் கோழிகள் அங்கங்கே இட்டு யாரும் எடுக்காமல் கிடந்த முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, முந்தானையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். வாசலிலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

"காவேரி, தீட்டு வூட்ல அடை வெக்கறியா?"

"கோழிக்கு என்னா தீட்டு பெரியப்பா?" அக்கா திரும்பினாள். "சாமி வேணாம்னு சொன்னப்ப நீங்களும் அங்கதான நின்னுகிட்டு இருந்தீங்க? கோயில்ல தெறக்காத வாய எழவு வூட்ல வந்து தெறக்கறீங்க. சேவலயும் சாமிதான் திருப்பிக் குடுத்துது. அவரயும் சாமிதான் திருப்பிக் குடுத்துது. குடுத்த வரைக்கும் நல்லா இருந்தாரு."

பெரியப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நல்லபடியா பொரிக்கட்டும்" என்றார். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை.

நான் கூடைகளைத் திறந்துவிட்டேன். அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, முட்டையை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டையின் அடியில் நகர்த்தினாள். இந்தமுறை அது கொத்தவில்லை. கடைசி முட்டையோடு உள்ளே போன அக்காவின் கை, அந்தப் பஞ்சின் சூட்டுக்குள்ளேயே இருந்தது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

போய் வாருங்கள், மாமா. கூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அக்கா திறந்து விடுகிறாள். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.