ஸ்டீபனின் குலை, தங்கராஜின் தண்ணீர்

போன சனிக்கிழமை எங்கள் சர்ச் வாசலில் ஒரு ஏத்தன் வாழைக்குலை தொங்கியது. சும்மா குலை இல்லை. ஆள் உயரம். தூக்கிக் கட்டியவர்கள் கட்டி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து சர்ச்சில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். வந்ததில் பெரிய குலை வாசலில் தொங்கும். கொடுத்தவர் பெயரைப் போதகர் வாசிப்பார். பரிசு அவ்வளவுதான். ஆனால் எங்கள் அருமனைப் பக்கம் அந்தப் பெயருக்காக வாழையோடு பேசிப் பார்த்தவர்கள்கூட உண்டு.

ஸ்டீபன் பெயர் ஒரு தடவையும் வாசிக்கப்பட்டதில்லை. வருடா வருடம் அவர் மச்சான் தங்கராஜ் பெயர்தான். இந்த வருடம் தொங்கியது ஸ்டீபன் குலை. மனிதர் வெள்ளை வேட்டிக்கு இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருக்க அதைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் படுக்கத் தரையில் பாய் விரித்திருந்தார்.

வாசலில் குலையைச் சுற்றி நாங்கள் நின்றிருந்தபோது தங்கராஜ் வந்தார். கையில் போன்.

"இந்தக் குலை எனக்க பேருல போகணும்."

"எதுக்கு மச்சான்?" என்றார் ஸ்டீபன்.

"இது குடிச்சு வளந்த தண்ணி எனக்கதாக்கும்."

விஷயம் இதுதான். மேலே தங்கராஜின் ரப்பர் தோட்டமும் கொஞ்சம் வாழையும். கீழே ஸ்டீபனின் வாழை. தங்கராஜ் தினமும் ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பார். ஷீட் அவருக்கு. பிழிந்த தண்ணீர் ஓடை வழியாக ஸ்டீபனுக்கு. அந்த நாற்றம் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்ல... செத்த எலியும் தள்ளிப் படுக்கும்.

இத்தனை காலம் சண்டை நேர்மாறாக இருந்தது. "ஒங்க தண்ணிய நிறுத்துங்க மச்சான்" என்று ஸ்டீபன் கெஞ்சுவார். "எல்லைக்கல்லைத் தாண்டினது எனக்கதில்ல மாப்பிள. அது மழைத் தண்ணியாக்கும்" என்பார் தங்கராஜ். கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு சொல்வார்.

இந்த வருடம் ஸ்டீபன் கெஞ்சி அலுத்து, அந்தத் தண்ணீரை வாழைக்கே பாய்ச்சிவிட்டார். அது இப்போது எப்படித் தங்கராஜ் தண்ணீர் ஆயிற்று? போனைத் தூக்கிக் காட்டினார்.

"அமெரிக்கா கோர்ட்டாக்கும். எண்ணெய் எடுக்கியப்ப கூடவே ஒரு அழுக்குத் தண்ணி வருமில்லியா? அது நிலத்துக்காரனுக்கா, எண்ணெய்க் கம்பெனிக்கான்னு கேசு. கம்பெனிக்குன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. அங்க எண்ணெய், இங்க ரப்பர். தண்ணி எனக்கது. குலையும் எனக்கது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்றால் நான் அந்த எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரை ஓட்டியவன். ஓமனில் டேங்கர் டிரைவராக இருந்தேன்.

"டேங்கரே, நீரு சொல்லும்" என்றார் சபைச் செயலர். ஊரில் எனக்கு அதுதான் பெயர்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வரும். கடலைவிட உப்பு. மேலே எண்ணெய்ப் படலம். அதை அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனி சொல்கிற இடத்தில் இறக்க வேண்டும்.

ஒரு நாள் வழியில் வால்வு லீக். மணலில் ஒரு குளமே ஆகிவிட்டது. ஒட்டகக்காரர் ஒருவர் வழிமறித்து, யார் தண்ணீர் என்று சத்தம் போட்டார். சூப்பர்வைசர் வந்தார் — கான்ட்ராக்டர் தண்ணீர் என்றார். கான்ட்ராக்டர் வந்தார் — கம்பெனி தண்ணீர் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், அது பூமிக்குள் இருந்து வந்த தண்ணீர் என்றார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வரை அதற்கு நான்தான் ஓனர். அவ்வளவு பெரிய சொத்து அதற்கு முன்னும் எனக்கு இருந்ததில்லை, பின்னும் இல்லை.

"அப்ப இது யாருக்கு?" என்றார் செயலர்.

"தெரியாது" என்றேன்.

நாறுகிற வரை எந்தத் தண்ணீருக்கும் அப்பன் கிடையாது. அமெரிக்காவிலும் அதைச் சுத்தம் பண்ணி விற்கலாம் என்று தெரிந்த பிறகுதானே கோர்ட் ஏறினார்கள்?

செயலர் மண்டையைச் சொறிந்தார். "செரி, ரெண்டு பேரையும் வாசிப்போம். குலை ஸ்டீபன், தண்ணி தங்கராஜ்."

ஸ்டீபன் முகம் சுருங்கிவிட்டது. "கலியாணத்துக்கு மொய் எழுதியது போல வாசிச்சா, அது எனக்க பேரா வேய்?"

ஸ்டீபனின் மனைவி ரோசம்மாள் அதுவரை பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கராஜுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணன் சொல்லியது செரிதான். தண்ணி அண்ணனுக்கதுதான்."

"ஏட்டி, நீ யாருக்க பக்கம்?" — ஸ்டீபன் பதறினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா நில்லுங்க." செயலரைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா? எங்க கெணறு நாறினது அண்ணனுக்க தண்ணி. கொளத்துல மீனு செத்து மெதந்தது அண்ணனுக்க தண்ணி. எனக்க மவளைப் பெண்ணு பாக்க வந்தவங்க மூக்கைப் பொத்துன கைய எடுக்காம, காப்பி குடிக்காம போனதும் அண்ணனுக்க தண்ணிதான். நாளைக்குக் குலையோட சேத்து இதையும் வாசிச்சிருங்க."

தங்கராஜ் போனைத் தேய்த்தார். தீர்ப்புக்கு அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தேடியிருப்பார். கிடைக்கவில்லை.

"அது... அமெரிக்கா சட்டமில்லியா" என்றார். "நமக்கு ஒத்து வராது."

"அப்ப தண்ணி?" என்றாள் ரோசம்மாள்.

"மழைத் தண்ணியாக்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்தார். "ஸ்டீபன் குடும்பத்தார்." ஸ்டீபன் எழுந்து நின்றார். எழுந்திருக்க யாரும் சொல்லவில்லை. அடுத்த பாட்டு முடிகிற வரை உட்காரவும் இல்லை. ரோசம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

திங்கட்கிழமை தங்கராஜ் ஓடையை அடைத்தார். தண்ணீரைத் திருப்பித் தன் வாழைக்கே விட்டுவிட்டார். ஒரு சொட்டு கீழே இறங்குவதில்லை.

ஸ்டீபன் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா?

முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"டேங்கரே, அமெரிக்காவுல மேல உள்ளவன் தண்ணிய அடைச்சிட்டா, கீழ உள்ளவன் என்ன செய்வான்?"

"வீடு நாறுதா?"

"இல்ல."

"கெணறு?"

"தெளிஞ்சு வருது."

"பிறகு என்னவாக்கும்?"

"அடுத்த வருசம் குலைக்கு என்ன வேய் செய்ய?"

நாற்றம் நின்றுபோனதற்குக் கேஸ் போட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. இனி பார்த்துவிடுவேன் போலிருக்கிறது...