கொண்டு வந்ததைக் கொண்டு போகச் சொன்னவர்

மங்கையர்க்கரசி அம்மையார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவரைக் கடற்கரையிலிருந்து விரட்டியவர். பாரோயில் என் வீட்டில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. நான் அக்கா என்று அழைக்கும் அவருடைய முகம், அதைச் சுற்றி மெழுகுவத்திகள், மூலையில் ஒரு படகு நிறுவனத்தின் சின்னம். "கடலாமைகளின் தாய், என் அன்புத் தங்கை அரசி, நேற்று மாலை கோலா கிளாவாங்கில் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று கீழே எழுதியிருந்தது. சற்று நேரத்தில் கூப்பிய கைகள் வரிசையாக வரத் தொடங்கின. அவற்றில் பாதி எனக்குத் தெரிந்த கைகள். ஒரு காலத்தில் கோயில் மண்டபத்தில் அக்காவுக்கு எதிராகத் தட்டிய கைகள்.

"தங்கை" என்று எழுதியவரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. தம் பெயர் அச்சில் வருவதை மிகவும் விரும்புகிறவர் அவர். அந்த மகிழ்ச்சியை என் கையால் கொடுக்க மனமில்லை. படகு முதலாளி என்றே எழுதுகிறேன்.

மதியத்துக்குள் அடுத்த செய்தி வந்தது. ஆமை பார்க்கும் சுற்றுலாவுக்காக அவர் வாங்கியிருக்கும் புதிய படகுக்கு அக்காவின் பெயரைச் சூட்டப் போகிறாராம். அஸ்தி கரைத்து முடிந்ததும் கடற்கரையிலேயே அறிவிப்பாராம். நான் உடனே அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணனுக்கு அழைத்தேன்.

"அந்தாளு போன் பண்ணான் தம்பி. பேர் வேணுமாம்."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. அழுதுகிட்டிருந்தேன். அதைச் சரின்னு எடுத்துக்கிட்டான் போல."

இரங்கல் மலருக்கு ஒரு கட்டுரை கேட்ட பழைய தோட்டத்துச் சங்கத்தார், "நல்லதை மட்டும் எழுதுங்க சார், பழசெல்லாம் எதுக்கு" என்றார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். அவருக்குச் செய்யப்பட்டதை விட்டுவிட்டால் அந்த நல்லது விளங்காது.

அக்காவும் படகு முதலாளியும் நானும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். போர்ட்டிக்சன் போகும் சாலையோரம் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆயிற்று, இப்போது அடுக்கு வீடுகள் ஆகிவிட்டது. அக்காவின் தந்தை பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். படகு முதலாளியின் தந்தை ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஆண்டுக்கு ஒருமுறை எங்களையெல்லாம் லாரியில் ஏற்றிக் கடலுக்கு அழைத்துப் போவார்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் குதிரைலாட நண்டுகள் சேற்றில் ஊர்ந்து வரும். பையன்கள் அவற்றை மல்லாத்திப் போட்டு, கால்கள் காற்றில் துழாவுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார்.

"ஏய், அது என்ன உங்கப்பன் வூட்டு நண்டா?" என்று மண்டோர் மகன் கத்தினார்.

"உங்கப்பன் வூட்டு நண்டும் இல்ல. அதான் விடச் சொல்றேன்."

மண்டோர் மகனை அப்படிப் பேசக் கூடாது என்று அன்று மாலை அக்காவுக்கு வீட்டில் அடி விழுந்தது. பிற்காலத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சேற்றிலேயே ஒத்திகை நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அவர் கிழக்குக் கரைக்குப் போய்க் கடலியல் படித்தார். திரும்பி வந்து அரசாங்க வேலையில் சேர்ந்தார். போர்ட்டிக்சன் கடற்கரையில், ஆமைகள் முட்டையிட வரும் ஒரு குடா அவர் பொறுப்பில் வந்தது. படகு உரிமங்களைக் கவனிக்கும் பிரிவில் நான் இருந்தேன். ஆகவே அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சுற்றுலாப் பயணிகளை வெறுத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அது பொய். "சனங்க வரட்டும் லா. கடலைப் பார்க்காதவன் கடலுக்காக ஏன் வாயைத் திறக்கப் போறான்?" என்பார். எத்தனை பேர் வரலாம், எங்கே நிற்கலாம், எந்த மாதங்களில் வரக் கூடாது என்பதில்தான் பிடிவாதம். தண்ணீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறைப் பக்கம் எந்தப் படகும் போகக் கூடாது. பாறைமேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை விடுதிகள் அணைத்துவிட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி, கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து போய்ச் சாகும். இதை ஒரு விடுதி மேலாளரிடம் அவர் விளக்கியபோது அந்த மனிதர், "விளக்கை அணைச்சா விருந்தாளிங்க பயப்படுவாங்க மேடம்" என்றார். "ஆமைக் குஞ்சுக்கா பயப்படுவாங்க? அது என் உள்ளங்கை அளவுகூட இல்லையே" என்றார் அக்கா. விளக்கு அணைந்தது.

செரம்பானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மீன்களுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தது. அக்கா தடுத்தார். அந்த அம்மாவுக்குக் கோபம்.

"மீனுக்குச் சோறு போடறதும் குத்தமா? புண்ணியம் லா மேடம்!"

"புண்ணியம் வேணும்னா பக்கத்து வூட்டுக்காரங்களுக்குப் போடுங்கம்மா. மீனுக்கு இங்க வேலை இருக்கு. பாறையில படியற பாசியை அதுதான் மேயணும். நீங்க ரொட்டி போட்டா அதுவும் நம்ம ஆளுங்க மாதிரி வேலைக்கு மட்டம் போட்டுடும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். மீதி ரொட்டியை அக்காவிடமே கொடுத்தார். அக்கா அங்கேயே நின்று தின்றார்.

சிரிக்காத ஆட்களும் இருந்தார்கள். அந்தக் குடாவில்தான் நம்மவர்கள் அஸ்தி கரைப்பது வழக்கம். சாம்பலோடு நெகிழிப் பை, துணிமணி, நைலான் நூலில் கட்டிய மாலைகள் எல்லாம் கடலுக்குள் போகும். ஒருநாள் ஓர் ஆமை கரை ஒதுங்கியது. முன்துடுப்பில் மாலை நூல் சுற்றி, சதையை அறுத்து, எலும்புவரை இறங்கியிருந்தது. நூலில் ஒரு சம்பங்கிக் காம்பு இன்னும் ஒட்டியிருந்தது. அந்த ஆமை பிழைக்கவில்லை. அதன்பிறகுதான் அக்கா அந்த விதியைக் கொண்டுவந்தார். சாம்பலைக் கரைக்கலாம், மண் சட்டியை விடலாம், உதிரிப் பூவைத் தூவலாம். நூல், துணி, நெகிழி எதுவாக இருந்தாலும், கொண்டு வந்தவர்களே திரும்பக் கொண்டு போக வேண்டும்.

விதியை முதலில் அனுபவித்தது அவர் குடும்பமே. அவருடைய தந்தை அந்தச் சமயத்தில்தான் காலமானார். அஸ்தி கரைக்கும் இடத்தில் குருக்கள் காத்திருக்க, அக்கா மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாலையாக அறுத்துப் பூவை உதிர்த்தார். "அப்பா காரியத்துலகூட உன் சட்டமா?" என்று அவர் அண்ணன் கத்தினார். அக்கா தலை நிமிரவில்லை. "அப்பா காரியத்துல இல்லாத சட்டம் அடுத்தவன் அப்பா காரியத்துல எப்படிண்ணே இருக்கும்?" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். கத்தரிக்கோல் மட்டும் நிற்கவில்லை.

அப்போது படகு முதலாளி அந்தக் குடாவில் ஒரு மிதக்கும் மேடை கேட்டுக்கொண்டிருந்தார். குடாவின் நடுவில் மேடை, அதைச் சுற்றி ஜெட் ஸ்கீ, பனானா போட் சவாரி, கீழே பவளப்பாறை. அக்கா முடியாது என்றார். காரணம் காட்டி அவரை வெல்ல முதலாளியால் முடியவில்லை. எங்கள் சனங்களின் சாவைக் கையில் எடுத்தார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். தோட்டத்து ஆட்களை வேன் வைத்து அழைத்து வந்தார். "இன்னிக்கு மாலை கூடாதுங்கிறா. நாளைக்குச் சாம்பலே கூடாதும்பா. நம்ம வூட்டுப் பொண்ணே நம்ம பொணத்துக்கு எதிரி!" என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். "ஆமைக்காரி" என்ற பட்டப்பெயர் அங்கேதான் பிறந்தது. அக்கா வந்திருந்தார். யாரும் நாற்காலி தரவில்லை. தூணோரம் நின்றபடியே கையைத் தூக்கினார்.

"அண்ணே, உங்களுக்கு வேணும்கிறது மேடை. அதுக்கு எங்கப்பா சாம்பலை ஏன் துணைக்குக் கூப்பிடுறீங்க?"

பின்வரிசையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் யார் யார் வாய் திறந்தது என்று எனக்கு இன்றும் தெரியும். கூட்டத்தில் எழுந்து அவருக்காகப் பேசியவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகு எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவே இல்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கடல் படித்தவரைக் கோலா கிளாவாங்கின் மலையடிவாரத்துக்கு, காட்டு அருவிப் பூங்கா ஒன்றைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். செல்வராஜ் அண்ணனுக்கு மலைக்கு இந்தப் பக்கம், சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. நடுவே இருக்கும் புக்கிட் தங்கா மலைச்சாலை வளைவுகளில் மோட்டாரில் ஏறி இறங்கியே அவர் முதுகு போயிற்று. நான் முதன்முதலில் பார்க்கப் போனபோது அக்கா ஓடையோரம் நின்றுகொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "எல்லாத் தண்ணியும் கடைசியில நம்ம கடலுக்குத்தானேக்கா போகுது" என்றேன்.

"போகாதுடா. இங்கத்துத் தண்ணி பகாங் பக்கம் ஓடுது. கிழக்குப் பக்கத்துக் கடலுக்குப் போகுது. அதைக்கூடப் பார்த்துத்தான் அனுப்பியிருக்காங்க!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மிதக்கும் மேடை வந்தது. அதன் நிழலில் பவளம் செத்தது, நங்கூரச் சங்கிலியில் பாறை நொறுங்கிப் போயிற்று. விடுதிகள் விளக்கைப் போட்டன. முதலாளிக்கு டத்தோ பட்டமும் வந்தது. பாறையில் பார்க்க ஒன்றும் மிஞ்சாத பிறகு, மிச்சமிருக்கும் ஆமைகளைத் துரத்திக் காட்டும் தொழிலுக்கு அவர் மாறினார். அதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா தொலைபேசியில், "மூச்சு வாங்கத்தானே அது மேல வருது. வர்ற இடத்துல எல்லாம் படகு நின்னா எங்கடா போய் மூச்சு விடும்?" என்றார். அந்தப் படகுக்குத்தான் இப்போது அவர் பெயர் வேண்டுமாம்.

அஸ்தி கரைக்கும் நாள் காலையில் நான் முதல் ஆளாகக் குடாவில் நின்றேன். கை நிறையக் கத்தரிக்கோல்கள் வாங்கிப் போயிருந்தேன். மாலையோடு வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றை நீட்டினேன். மண்டபத்தில் கைதட்டியவர்கள், விசில் அடித்தவர்கள், "ஆமைக்காரி" என்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். "உட்காருங்க. நூலை அறுத்துட்டுப் பூவை மட்டும் எடுத்துக்குங்க" என்றேன். ஒருவர், "முட்டி வலிக்குது தம்பி, நின்னுக்கிட்டே அறுக்கட்டுமா?" என்றார். "அக்கா உட்கார்ந்துதான் அறுத்தாங்க" என்றேன். ஈர மணலில் உட்கார்ந்தார். எனக்கு அது இனித்தது.

முதலாளி கடைசியாக வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். இரண்டு ஆட்கள் தூக்கி வந்த மலர்வளையம் ஓர் ஆள் உயரம். வெள்ளை ஃபோம் வட்டம், கம்பியில் குத்திய பூக்கள், பளபளக்கும் நெகிழி நாடாவில் நிறுவனத்தின் பெயர். குருக்கள் காரியத்தை முடித்தார். செல்வராஜ் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் சாம்பலைக் கரைத்துவிட்டுத் திரும்பினார். அதற்காகவே காத்திருந்ததுபோல் முதலாளி வளையத்தை அலையில் தள்ளச் சொல்லி, கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அவரிடம் சொல்ல நான் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. வாய் திறப்பதற்குள் அண்ணன் மறுபடி தண்ணீரில் இறங்கினார். வளையத்தைப் பிடித்து இழுத்து வந்து, நீர் சொட்டச் சொட்ட, முதலாளியின் வெள்ளைச் சட்டைமேலேயே சாய்த்து வைத்தார்.

"டத்தோ, கொண்டு வந்ததைக் கொண்டு போங்க. அவ சட்டம்."

"என்ன செல்வா, எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும். அன்னிக்கு மண்டபத்துலயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. பேர் கேட்டீங்களே, அதையும் சொல்லிடறேன். எந்தப் படகுலயும் அவ பேர் இருக்கக் கூடாது. எழுதினா நானே வந்து சுரண்டுவேன்."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். முதலாளி சுற்றிலும் பார்த்தார். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்து நூலை அறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. தூக்கி வந்த ஆட்களும் நகரவில்லை. அவரே அதைச் சுமந்துகொண்டு மணலில் நடந்தார். வளையம் காருக்குள் நுழையவில்லை. வட்டத்தை முழங்காலில் வைத்து உடைக்க வேண்டியிருந்தது. வெள்ளைத் துணுக்குகள் பறந்தன. "அதையும் பொறுக்கணும் டத்தோ" என்று கத்தினேன். அவர் குனிந்தார். நான் கடைசித் துணுக்குவரை நின்று பார்த்தேன்.

அமைதியாக உறங்குங்கள் என்று உங்களுக்கு எல்லாரும் எழுதுவார்கள் அக்கா. மன்னித்துவிடுங்கள் என்றும் எழுதுவார்கள். நான் எழுதவில்லை. உங்கள் பெயர் அந்தப் படகில் இல்லை என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். குடாவில் இப்போது இருப்பது உதிரிப் பூவும் சாம்பலும்தான். நூல் எல்லாம் என்னிடம் ஒரு பையில் இருக்கிறது. போய் வாருங்கள்.